ஒற்றை நாள் அவளுக்கு, இரட்டை நாள் அவருக்கு

என் மகளின் மருந்தை நான் திருடினேன்.

வேறு சொல் தேடிப் பார்த்தேன். பங்கிட்டேன், சமாளித்தேன், மிச்சம் பிடித்தேன்… எல்லாம் பொய்ச் சொற்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கென்று தந்த குளிசைகளை, அவள் பார்த்துக்கொண்டிருக்கவே திருடினேன்.

நான் படிக்காதவள் அல்ல. எங்கள் தீவில், சரவணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணிதமும் சுகாதாரமும் படிப்பித்தவள். காசநோய் எப்படிப் பரவுகிறது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள்! அறியாமல் செய்தேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வழியே இல்லை.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் தெற்கே என் கணவரின் கடை எரிந்தது. கப்பலில் வந்து இறங்கியபோது அவரிடம் உடுத்த சாரமும் ஓர் இருமலும் மட்டுமே இருந்தன. அகதி முகாமில் ஈரத்தில் படுத்ததால் பிடித்த தடிமன் என்றார். நம்பினேன். நம்புவது சுகமாக இருந்தது. அடுத்த வருடம் எங்கள் ஒரே மகள் சுகந்தியும் இருமத் தொடங்கினாள். அதே கிழமையில்தான் அவருடைய துவாயில் இரத்தத்தைக் கண்டேன்.

"கிளினிக்குக்கு மூண்டு பேருமாப் போவம்" என்றேன்.

"இஞ்சேரும், நீர் படிச்சனீர்தானே? வீட்டில ஒரு ஆளுக்கு வந்தால் அது வருத்தம். ரெண்டு பேருக்கு வந்தால் குடும்ப வருத்தம், பரம்பரை நோய் எண்டு சொல்லுவினம். பிறகு உவளை ஆர் கட்டுவான்?"

"அங்கை ஆருக்கு எங்களைத் தெரியும்?"

"மருந்து கட்டிக் குடுக்கிறது ஆர்? உம்மட பெரியம்மாவின்ர மருமகன். நான் வீட்டை வர பஸ் ஏறுறதுக்கு முதல் கதை புங்குடுதீவுச் சொந்தக்காரரிட்டைப் போய் இறங்கியிடும்!"

மகளுடன் மட்டும் போனேன். சளியைச் சோதித்து, காசநோய்தான் என்று சொல்லி, அட்டை எழுதி, ஒரு மாதக் குளிசைகளைத் தந்தார்கள்.

"ஒரு நாளும் தவறக் கூடாது ரீச்சர்" என்றார் டொக்டர். "வீட்டில வேற ஆருக்கும் இருமல் இருக்கோ?"

"இல்லை டொக்டர்."

அந்த ஒரு சொல்லை வேறு விதமாகச் சொல்லியிருந்தால்… என் கணவருக்கும் இலவசமாகவே ஓர் அட்டை எழுதியிருப்பார்கள். அவ்வளவுதான்! அதற்குமேல் எதுவும் தேவைப்பட்டிருக்காது!

இரண்டு மாதத்தில் சுகந்தி தேறினாள். கன்னம் வைத்தது. இருமல் நின்றது. அவரோ உருகிக்கொண்டிருந்தார். ஒரு காலை தேநீரைக் கோப்பையில் பாதி ஊற்றி என் பக்கம் தள்ளிவிட்டு அவர் சொன்னார்: "தேத்தண்ணியையே பாதி பாதி குடிக்கிற வீடு. பிள்ளைக்கு இப்ப சுகம்தானே… அவளின்ர குளிசையிலும் எனக்குக் கொஞ்சம் தாருமன்."

நான் சிரித்தேன். உங்களுக்குச் சொல்கிறேன், நான் சிரித்தேன்!

பிறகு நாட்காட்டியைப் பார்த்துத் திட்டம் போட்டேன். ஒற்றை நாள் அவளுக்கு, இரட்டை நாள் அவருக்கு. கணித ஆசிரியை அல்லவா…

"அம்மா, நேற்றும் குளிசை தரேல்லை."

"இனி ஒருநாள் விட்டு ஒருநாள் காணுமாம், அவ்வளவு போதுமாம்."

"டொக்டர் சொன்னவரோ?"

"ஓம்."

அந்தக் குளிசை சிறுநீரைச் சிவப்பாக்கும். முதல் மாதம் அதைக் கண்டு பயந்து அழுதவள், இப்போது ஓடி வந்து சொன்னாள்: "அம்மா, இண்டைக்குச் சிவப்பாப் போகேல்லை!" சுகமாகிறது பிள்ளை என்றேன். அவள் துள்ளிக்கொண்டு போனாள். அந்தத் துள்ளல் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

மாதம் முடியக் குளிசைப் போத்தலும் முடியும். அட்டையில் பிழையே இல்லை. "ரீச்சரிட்டைப் பிழை வராது" என்று டொக்டர் மெச்சினார்.

என் கணவர் பிழைத்தாரா? இல்லை. அந்த மாரிக் காலத்திலேயே போய்விட்டார். நெஞ்சுவலி என்று ஊருக்குச் சொன்னேன். சுகந்திக்கும் அதையே சொன்னேன்.

ஒரு வருடம் கழிந்தது. சுகந்திக்கு மாலையில் காய்ச்சல் வரத் தொடங்கியது. பிறகு இருமல்… அதே இருமல், அவருடைய இருமல்.

டொக்டர் பழைய அட்டையைப் புரட்டினார். "உண்மையைச் சொல்லுங்கோ ரீச்சர். போனமுறை மருந்தை ஒழுங்கா எடுத்தவவோ? அரைகுறையா எடுத்தால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிப்போகும். பிறகு அதையே குடுத்து ஒண்டும் செய்ய ஏலாது."

பக்கத்துக் கதிரையில் இருந்த சுகந்தி வாயைத் திறந்தாள். நீங்கள்தானே ஒருநாள் விட்டு ஒருநாள் என்று சொன்னீர்கள் டொக்டர், என்று சொல்லத்தான்…

"ஒரு நாளும் தவறேல்லை" என்று நான் முந்திக்கொண்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். அன்று பஸ்ஸில் வரும்போதும் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை!

என் சொல்லை நம்பிப் பழைய மருந்துகளையே மீண்டும் கொடுத்தார்கள். மாதங்கள் வீணாயின. அவள் எலும்பும் தோலுமானாள். கடைசியில் சளியைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்து, அந்த மருந்துகள் இனி இவளுக்கு வேலை செய்யா என்று அறிந்து, நாள்தோறும் ஓர் ஊசியும் புதுக் குளிசைகளும் எழுதினார்கள்.

"காதில இரைச்சல் கேட்டால் உடன சொல்லவேணும். இந்த ஊசி காதைத் தாக்கும்."

இம்முறை ஒரு நாளும் தவற விடமாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டேன். மழையிலும் போனோம். பஸ் இல்லாத நாளில் சைக்கிளில் வைத்து மிதித்தேன். ஷெல் விழுந்த மறுநாளும் போனோம்.

மூன்றாம் மாதம் அவள் சொன்னாள்: "அம்மா, காதுக்குள்ள வண்டு இரையுது."

என்ன செய்தேன் தெரியுமா? மறைத்தேன். சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களே! ஒருமுறை மருந்தைத் தவறவிட்டதற்கு வாங்கியது போதாதா? "பலவீனம் பிள்ளை. சாப்பிட்டால் போயிடும். டொக்டரிட்டைச் சொல்லிப்போடாதை" என்றேன். அவள் சொல்லவில்லை. அவள் எப்போதுதான் என் சொல்லை மீறினாள்?

சளி சுத்தமாயிற்று. உயிர் தங்கியது. காது போயிற்று.

முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தாலும் அந்த ஊசி தேவைப்பட்டிருக்குமோ? இரைச்சலைச் சொல்லியிருந்தால் காது தப்பியிருக்குமோ, உயிர் போயிருக்குமோ? எனக்குத் தெரியாது. தெரியாதது ஆறுதல் என்று நினைக்கிறீர்களா? இல்லை… குற்றத்தின் அளவு தெரிந்தால் அதைச் சுமக்கவாவது பழகியிருப்பேன்.

மாப்பிள்ளை வீட்டார் இரண்டு முறை வந்தார்கள். காசநோயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. காது கேளாது என்று எழுந்து போனார்கள்.

தீவை விட்டு வந்து இப்போது ஒரு வாடகை அறையில் இருக்கிறோம். போன கிழமை அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று, அவள் முதுகைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். குளிசைகளின் மறுபாதி எங்கே போனது என்பதை, அப்பாவின் இருமலை, டொக்டரிடம் சொன்ன பொய்களை… உரத்துச் சொன்னேன். துருவுகிற கை நிற்கவில்லை.

என் நிழல் சுவரில் அசைந்ததோ என்னவோ, திரும்பினாள்.

"என்னம்மா, ஏதும் கேட்டனீங்களோ?"

"உப்புக் காணுமோ எண்டு கேட்டனான்."

என் உதட்டைப் படித்தாள். "காணும்" என்றாள்.

கேட்க முடியாதவளிடம் சொல்லிவிட்டுப் பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்த கோழை நான். அதனால்தான் இதை எழுதுகிறேன். காது போன நாளிலிருந்து அவள் கையில் கிடைக்கும் எந்தத் தாளையும் விடுவதில்லை. சாமான் சுற்றி வந்த கடதாசியைக்கூட விரித்துக் கடைசி வரிவரை வாசிக்கிறாள். இதையும் வாசிப்பாள். அவளுக்குத் தெரியாதபடி இதில் ஊரை மாற்றலாமா, பெயரை மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை.

அவள் இந்த வரிக்கு வரும்போது நான் அதே அறையில்தான் இருப்பேன். நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள்… அன்று கிளினிக்கில் பார்த்ததுபோல.

இம்முறை அவளுக்கு முந்திக்கொண்டு சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.