முப்பத்தொன்றுக்கு ஏழு நாள் முன்பு

ஒரு உடலை மண்ணுக்குள் வைப்பதற்கு முன் பதிவாளர் கொடுத்த சான்றிதழும், அடக்கத்துக்கான விண்ணப்பமும், அந்த நிலத்துண்டுக்கு உரிமையுள்ளவரின் கையொப்பமும் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. இறந்தவரின் முழுப்பெயர் எழுதப்படாத விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படும். லண்டனில் ஒரு கவுன்சிலின் மயானப் பிரிவில் முப்பது வருடம் இருந்து இந்த விதியைக் காவல் காத்தவன் நான். அழுதுகொண்டு வந்தவர்களையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மரியாதையாக, நாற்காலி கொடுத்து, எந்தப் படிவம் குறைகிறது என்று விளக்கிச் சொல்லி.

என் தங்கை மண்ணுக்குள் போன அன்று இவற்றில் ஒன்றும் இருக்கவில்லை. இருந்தது முள்ளுச்செடி எரிகிற மணமும், மணலின்மேல் உப்புத் தூவினாற்போலக் கிடந்த பனியும், குளிரில் இறுகிய மண்ணில் சிறிய மண்கொத்தி ஒன்று விழுகிற சத்தமும். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அப்பா டாக்டர். எழுபதுகளில் ஈரானுக்கு வைத்தியர்கள் தேவைப்பட்டபோது யாழ்ப்பாணத்திலிருந்து ஒப்பந்தத்தில் போய், யஸ்த் நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். "சிலோன்" என்று முதல் மூன்று மாதம் எல்லோரையும் திருத்தினார்; பிறகு அலுத்துப்போய் "ஹிந்தி டாக்டர்" என்ற பட்டத்தை ஏற்றுக்கொண்டார். தங்கை அங்கேதான் பிறந்தாள். அவளுக்குப் பதினைந்து நாளானபோது, பாலைவனத்தின் நடுவில் இருந்த ஒரு கிராமத்து மருந்தகத்தில் ஒரு மாதம் பதில் வேலை செய்யும்படி அப்பாவுக்கு உத்தரவு வந்தது. மனைவி பிள்ளை பெற்றிருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்தால் இரண்டு மாதம் தள்ளிப்போடலாம் என்று ஒரு வழி இருந்ததாம். அதை அவர் அறிந்தது எல்லாம் முடிந்த பிறகு. சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத நகரத்தில் பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டுப் போக மனம் வராமல் எங்கள் எல்லோரையும் ஜீப்பில் ஏற்றினார். பிள்ளை பெற்ற முப்பத்தொரு நாள் துடக்குக் கழியாமல் வாசற்படி தாண்டக் கூடாது என்று ஊரில் வளர்ந்த அம்மா, அந்த முப்பத்தொரு நாளுக்குள் ஒரு பாலைவனத்தையே தாண்டினாள்.

அந்தக் கிராமத்துக்குத் தெஹ்னோ என்று பெயர். புது ஊர் என்று அர்த்தம். நாங்கள் போனபோதே அதன் சுவர்கள் பலமுறை கரைந்து பலமுறை பூசப்பட்டவை. நாற்பது வீடுகள் இருக்கலாம், எல்லாம் மண், எல்லாவற்றுக்கும் குவிந்த மண்கூரை. தண்ணீர், மலையடிவாரத்திலிருந்து நிலத்துக்குக் கீழே நடந்து வந்தது. "கனாத்" என்கிற அந்தச் சுரங்கத்துக்குக் காற்று விட வெட்டிய குழிகள் ஊருக்கு வெளியே எறும்புப் புற்றுகள் மாதிரி வரிசையாய்ப் போய் மலையில் மறையும். மூன்று வீடு தள்ளி அந்தச் சுரங்கத்தைத் தோண்டித் துப்புரவு செய்யும் உஸ்தா ரஹ்மான் இருந்தார். "உஸ்தா" என்றால் தொழிலில் மேஸ்திரி. அவர் எப்போதும் வெள்ளை உடுப்பில்தான் நிலத்துக்குள் இறங்குவார். சேற்று வேலைக்கு வெள்ளையா என்று நான் கேட்டதற்கு, "மேலே மண் விழுந்தால் என்னைத் தேடி எடுத்துத் துணி மாற்றிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?" என்று சொல்லிச் சிரித்தார். அந்தத் தொழில்காரர்கள் தங்கள் கோடித் துணியைத் தாங்களே உடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அப்பாவின் பாரசீகம் உடம்பைத் தாண்டி வெளியே போகாது. எங்கே நோகிறது, எத்தனை நாளாய், நாக்கை நீட்டு; அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் பாரசீகம் படித்த நானே மருந்தகத்தில் அவருக்கு மொழிபெயர்ப்பு. என்னைக் கண்டால் பெண்கள், "டாக்டரின் நாக்கு வந்துவிட்டது, இனி நோயைச் சொல்லலாம்" என்று ஆளையாள் இடிப்பார்கள். விளங்காததை விட்டும், சொல்ல வெட்கப்பட்டதைக் குறைத்தும், சில இடங்களில் என் சொந்தச் சரக்கைச் சேர்த்தும் நான் செய்த மொழிபெயர்ப்பில் நோயாளிகள் எப்படிப் பிழைத்தார்கள் என்று இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

நாங்கள் போய் எட்டாம் நாள் தங்கைக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. அன்றைக்குப் பார்த்து மணலும் பனியுமாய்க் காற்று எழும்பிப் பாதையை மூடிவிட்டது. அப்பா இரண்டு தரம் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் இரண்டு தரமும் திரும்பி வந்தார். மருந்தகத்தில் அவள் அளவுக்கு ஏற்ற எதுவும் இல்லை. மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் அம்மாவின் மடியிலேயே போய்விட்டாள். அப்பா தன் குழாயை அவள் நெஞ்சில் வைத்து, தேவைக்கு அதிகமான நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் முறையில் பால்குடிப் பிள்ளைகளை எரிப்பதில்லை, மண்ணில் தாழ்ப்பது வழக்கம். பெண்கள் மயானத்துக்கு வருகிற வழக்கமும் இல்லை. ஆகவே இடம் கேட்க அப்பாவும் நானும்தான் போனோம். ஊர்த் தலைவர் வழியில் மறித்து, அரச அனுமதிக் காகிதம் இல்லாமல் அடக்கம் செய்யக் கூடாதே என்றார்.

"கேள் அவையை, இண்டைக்கே ஏலுமோ எண்டு. பிள்ளையை வச்சுக்கொண்டிருக்க ஏலாது" என்றார் அப்பா.

நான் கேட்டேன். தலைவர் மூடிக்கிடந்த பாதையைப் பார்த்தார். பிறகு, "காகிதம் வருகிறபோது வரட்டும்" என்று சொல்லிவிட்டு உஸ்தாவைக் கூப்பிட்டார்.

அதற்குள் வீட்டில் உஸ்தாவின் மனைவி பிள்ளையைக் குளிப்பாட்டியிருந்தாள். சுற்றத் துணி தேடியபோது உஸ்தா தன் பெட்டியிலிருந்து மடிப்புக் குலையாத வெள்ளை உடுப்பைக் கொண்டுவந்து, ஒரு கையைத் தோளோடு கிழித்துக் கொடுத்தார். அந்த ஒரு கை அவளுக்குத் தாராளமாய்ப் போதுமாயிருந்தது.

குழி வெட்டும்போது அவர் முழங்காலில் நின்றுதான் வெட்டினார், சுரங்கத்துப் பழக்கம். வெட்டி முடித்து, பக்கத்தில் கிடந்த தட்டையான கல் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "பெயர் என்ன?"

அவளுக்குப் பெயர் இல்லை. எங்கள் வீட்டில் முப்பத்தோராம் நாள்தான் துடக்குக் கழித்துப் பெயர் வைப்பார்கள். அவள் போனது இருபத்துநாலாம் நாள். அதுவரை அவள் "பிள்ளை", அவ்வளவுதான். பெயர் இல்லையென்றே சொல்லியிருக்கலாம். ஆனால் யஸ்த் பள்ளிக்கூடத்தில் நான் அறிந்துகொண்ட ஒரு செய்தி அந்த நேரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது. அங்கே முஸ்லிம்களுக்கு ஒரு இடம், நெருப்பை வணங்குகிறவர்களுக்கு வேறு இடம், யூதர்களுக்கு இன்னொரு இடம். செத்தவர்கள் தங்கள் தங்கள் இடத்துக்குப் போவார்கள் என்று வகுப்புப் பையன்கள் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கென்று ஒரு இடத்தை யாரும் சொல்லவில்லை. நாங்கள் யார் என்று தெரிந்தால் இந்தக் குழியை மூடிவிடுவார்கள், பிள்ளையை அப்பா திரும்பவும் கையில் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்று பயந்தேன். மருந்துச் சீட்டுகளில் மூன்றில் ஒன்றில் நான் எழுதிய பெயர் வாயில் வந்தது.

"ஸஹ்ரா" என்றேன்.

உஸ்தா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு கல்லில் வெட்டத் தொடங்கினார். அப்பா, "என்னவாம் கேக்கிறார்?" என்றார். "எத்தினை வயது எண்டு" என்றேன். அவர் தலையாட்டினார். பாரசீக எழுத்து அவருக்கு வாசிக்கத் தெரியாது.

பாதை திறந்ததும் அப்பா மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். அனுமதி இல்லாமல் அடக்கம் நடக்க முடியாது, ஆகவே அடக்கம் நடக்கவில்லை, நடக்காத அடக்கத்துக்குச் சான்றிதழ் தர முடியாது என்று அங்கிருந்தவர் விளக்கினாராம். என் உத்தியோக காலம் முழுவதும் இதைவிடச் சுத்தமான தர்க்கத்தை நான் கேட்டதில்லை. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனோம். பிறகு ஊரையும் விட்டு லண்டனுக்கு வந்தோம். அப்பா கிங்ஸ்பரி வீட்டில் இறந்தார். அவருக்கு எல்லாக் காகிதங்களும் சரியாக இருந்தன, நானே பார்த்துக்கொண்டேன்.

அம்மா ஐம்பது வருடம் அந்தப் பிள்ளையைப் பற்றி வாய் திறக்கவில்லை. போன தை மாதம் ஒரு காலை, தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு திடீரென்று கேட்டாள்.

"தம்பி, அந்தப் பிள்ளையை எவ்விடத்திலை வச்சனீங்கள்? ஆரும் கிளறியிருப்பினமோ?"

எண்பத்தெட்டு வயதில் ஒருத்தி இதைக் கேட்டால் ஒரு பதில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அந்த இடத்தைப் பார்த்தவர்களில் எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன். அந்த மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். உங்கள் விசாரணை கிடைத்தது, உரிய காலத்தில் கவனிக்கப்படும் என்று வந்தது. அந்த வாக்கியத்தை ஆயிரம் தரம் எழுதி அனுப்பியவன் என்பதால் அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். கிராமத்துக்கே நேராக எழுதுவது என்று முடிவெடுத்து, செவ்வாய்க்கிழமைகளில் அம்மாவை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போகிறபோது நான் ரொட்டி வாங்கும் ஈரானியக் கடைக்காரி மஹினிடம் என் கடிதத்தைத் திருத்தக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "உங்கள் பாரசீகத்துக்கு ஒன்பது வயது, மீசைக்குத்தான் அறுபது" என்று ஆங்கிலத்தில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கல்லில் என்ன பெயர் இருக்கிறதென்று எழுதவில்லையே, எதை வைத்துத் தேடுவார்கள்?" என்று கேட்டாள்.

முழுப்பெயர் இல்லாத விண்ணப்பம். நான் திருப்பி அனுப்பியிருப்பேன்.

கடையில் அந்தப் பெயரைச் சொல்வதற்கு முன் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. காருக்குள் வைத்துச் சொன்னேன். அம்மா கைப்பையின் பூட்டைத் திறந்து திறந்து மூடினாள்.

"கொப்பருக்குத் தெரியுமோ?"

"இல்லையம்மா. சொல்லேல்லை."

"அப்ப அந்த மனுசன் பேரில்லாமல் தாட்டுப்போட்டன் எண்டு நினைச்சுக்கொண்டே போயிட்டார்" என்றாள் அம்மா. பிறகு, "சின்னனிலை பயந்து சொன்னனி, சரி. பெரியவனாகி ஏன்ரா சொல்லேல்லை?" என்றாள்.

நீங்கள் என்ன பேர் வைக்க நினைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "இனி என்னத்துக்கு" என்று வெளியே பார்த்துக்கொண்டாள். மஹினின் கடைக்குத் திரும்பிப் போய்ப் பெயரை எழுதிக் கடிதத்தைத் தபாலில் சேர்த்தேன். அதன்பிறகு ஒவ்வொரு கிழமையும் அம்மா, "ஏதும் வந்ததோ?" என்பாள், கோடையில் கேட்பது குறைந்தது. மனம் ஆறிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. மூச்சுத்தான் குறைந்துகொண்டு வந்தது.

மறுமொழி வந்தபோது அது உஸ்தா ரஹ்மானின் மகளிடமிருந்து வந்தது. யஸ்த்தில் ஓய்வுபெற்ற ஆசிரியையாம். கனாத்தில் தண்ணீர் நின்று பல வருடம், மண்கூரைகள் விழுந்துவிட்டன, தெஹ்னோவில் இப்போது ஒரு குடும்பமும் இல்லை, என் கடிதம் பக்கத்து ஊர்த் தபாற்காரர் வீட்டிலும் பிறகு இரண்டு கடைகளிலும் கிடந்து கைமாறித் தன்னிடம் வந்தது என்று எழுதியிருந்தாள். வருடக் கடைசி வியாழனில் ஊர் ஆட்கள் எங்கிருந்தாலும் வந்து கல்லறைகளைத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். தண்ணீரை இப்போது காரில் கொண்டுபோகிறார்கள். தன் தகப்பனின் கல்லுக்கு மூன்று கல் தள்ளி இருக்கிற அந்தச் சின்னக் கல்லையும் தான் கழுவுவதாக எழுதியிருந்தாள். கடைசிப் பத்தியை மஹின் எனக்கு இரண்டு தரம் வாசித்தாள். "அப்பா இதை எங்களுக்குச் சொல்லுவார். டாக்டர் எங்கள் முறை தெரியாமல் இரண்டு கைகளையும் சேர்த்துக் கூப்பிக்கொண்டு நின்றார். நீங்கள் யாரென்று நின்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். பையன் பயந்துபோய் எங்கள் பெயரைச் சொன்னான், அவன் கொடுத்ததை நான் வெட்டினேன் என்று சொல்லுவார். அவளுடைய சொந்தப் பெயர் ஏதும் இருந்தால் எழுதுங்கள், பக்கத்தில் வெட்டுவிக்கிறோம்."

காரில் இருந்த அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை, எதையும் சேர்க்கவில்லை. கேட்டுவிட்டு அம்மா, "அவையள் வெட்டினது வெட்டினதுதான். இருக்கட்டும்" என்றாள். பிறகு, "கோயிலுக்குள்ளை கூட்டிக்கொண்டு போ" என்றாள்.

சிட்டை எழுதுகிற மேசையில் இருந்த பெண்பிள்ளை, அம்மா இறந்த மகளுக்கு என்றதும், மோட்ச அர்ச்சனையா என்று கேட்டுவிட்டுப் பேனையை எடுத்தது.

"பேர் சொல்லுங்கோ அம்மா."

"ஸஹ்ரா."

பேனை நின்றது. "நட்சத்திரம்?"

"உத்தரம்" என்றாள் அம்மா, நேற்றுப் பிறந்தவளுக்குச் சொல்வதுபோல. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. "தம்பி, அவவுக்கு எழுத்து வராதாக்கும். நீ எழுது" என்றாள் அம்மா.

எழுதினேன். பெயரும் நட்சத்திரமும் எழுதிய பிறகு, திகதி இல்லாத காகிதம் செல்லாது என்பதால், கேட்காமலே அதையும் கீழே எழுதினேன்: நவம்பர் நான்கு, செவ்வாய்க்கிழமை.