நீத்துப்பெட்டிக்கு எழுதிய அட்டை

இந்த ஊரில் நான் கடைக்குப் போனால் விரலால்தான் சாமான் வாங்குகிறேன். அலமாரியில் இருப்பதைச் சுட்டிக் காட்டுவேன்; எத்தனை வேண்டும் என்பதையும் விரலே சொல்லிவிடும். வாய் தவறிச் சவர்க்காரம் என்று வந்துவிட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். இங்கே அது சோப்பு. சீனி இங்கே சக்கரை. ஜெர்மனியிலும் நோர்வேயிலும் இருந்து எங்கள் ஊர்க்காரரான நீங்கள் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவற்றை வாசிக்கிறேன். மொழி தெரியாமல், உப்பென்று நினைத்துச் சலவைத் தூள் வாங்கி வந்த கதையை ஒருவர் எழுதியிருந்தார். சிரித்தேன். பிறகு, சிரித்திருக்க வேண்டாமோ என்று தோன்றியது. என்னைச் சுற்றிப் பெயர்ப்பலகை தமிழ், பேருந்தில் ஓடும் பாட்டு தமிழ், கோயிலில் கேட்கும் பாசுரம் தமிழ். அப்படி ஓர் ஊரில் வாயைத் திறக்கப் பயந்து விரலை நீட்டுகிறவளை என்ன கணக்கில் சேர்ப்பது?

முதலில் இப்படி இல்லை. போன வருடம் சண்டைக்குத் தப்பி நானும் மகள் தர்சினியும் கடல் கடந்து படகில் வந்து சேர்ந்தோம். கணவர் அதற்கு முன்பே ஜெர்மனி போயிருந்தார். அவர் எங்களைக் கூப்பிடும்வரை இங்கே இருப்பதாக ஏற்பாடு. ஸ்ரீபெரும்புதூரில் எங்களுக்கு முதல் அறை தந்த வீட்டுக்காரம்மா, "இன்னொரு தபா பேசு டீச்சர், பாட்டு மாதிரி கீது" என்று என்னைப் பேச வைத்துக் கேட்பார். அங்கே நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் என்பதால் இங்கும் டீச்சர் ஆகியிருந்தேன். பிறகு, ஒரு தலைவரை இங்கே குண்டு வைத்துக் கொன்று, இந்த ஊரின் பெயர் உலகமெல்லாம் ஒலித்த அந்த மே மாதம் வந்தது. நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். அன்று இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு அழுகை கேட்டது. எங்கள் அறையிலும் அடுப்பு எரியவில்லை. ஆனால் அதற்கு அடுத்த நாளிலிருந்து எங்கள் தமிழ் வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது. எங்கள் பதிவுக் காகிதங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனாலும் பாட்டு மாதிரி இருக்கிறது என்ற அந்த அம்மாதான் முதலில் காலி செய்யச் சொன்னார். அடுத்த வீட்டிலும் அதுவே நடந்தது. மூன்றாவதாகக் கிடைத்தது ஸ்டெல்லாக்கா வீட்டின் பின்னறை. நாங்கள் யாரென்று தெரிந்தே அவர் திறந்துவிட்ட அறை.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் பேருந்தில் தர்சினி நடத்துநரிடம் டிக்கெட் கேட்டாள், எங்கள் ஊர் மாதிரியே கேட்டாள். பக்கத்தில் இருந்த பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய், இடமில்லாத இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து என் மகள் வெளியே பேசவில்லை. சில நாட்களில் அறைக்குள்ளும் தலையசைப்போடு நிறுத்திக்கொண்டாள். பதினாறு வயதுப் பிள்ளை. இரவில் தூக்கத்திலாவது ஏதும் முனகுகிறாளா என்று காதைக் கொடுத்துக் கிடப்பேன். படகில் வரும்போது கடலைப் பார்த்து வராத பயம் எனக்கு அந்த மௌனத்தைப் பார்த்து வந்தது.

புரட்டாசியில் ஸ்டெல்லாக்காவின் மாதர் குழு பள்ளிக்கூட மைதானத்தில் நார் விழா வைத்தது. ஒரகடம் பக்கத்திலிருந்து பனையோலைக்காரர்கள், செம்பரம்பாக்கத்து ஏரிக்கரையிலிருந்து கோரைப்பாய் நெய்கிறவர்கள், தென்னை நார், வாழை நார் என்று சுற்று வட்டாரம் முழுவதும் வந்து இரண்டு நாள் உட்கார்ந்து வேலை செய்து காட்டுவார்கள். விழாவை நடத்துவது சம்பளமில்லாத தொண்டர்கள். ஓலையை ஈரச் சாக்கில் சுற்றி வைப்பது, தண்ணீர் சுமப்பது, சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பது எல்லாம் நாங்கள்தான். அடையாளத்துக்கு மணிக்கட்டில் ஒரு வாழைநார் முடிச்சு.

"பொண்ணையும் இட்டா டீச்சர்" என்றார் ஸ்டெல்லாக்கா. "வூட்ல குந்திக்கினு சுவத்தையே பாத்துக்கினு இருந்தா பைத்தியந்தான் புடிக்கும்."

"ஓம் அக்கா. ஆனா ஆரும் எங்கட ஊரைக் கேட்டால்?"

"ஓம் ஓம்னு மந்திரம் ஓதாத மொதல்ல. யாரு கேக்கப் போறா? உனுக்கு அட்டை எழுதற வேல. வாயே வாணாம்."

என் கையெழுத்து குண்டாக, அழகாக இருக்கும். பொருளின் பெயர், நாரின் பெயர், ஊரின் பெயர் மூன்றையும் கெட்டி அட்டையில் எழுதி, நடுவில் மடித்து, அவரவர் உட்காரும் ஒவ்வொரு பாயின் முன்னும் கூடாரம் போல நிறுத்த வேண்டும். ஊர் பேரை எழுதாமல் எந்த அட்டையும் விடக்கூடாது என்பது குழுவின் கட்டளை. இன்னொரு கட்டளையும் உண்டு. எந்தப் பாயும் காலியாகக் கிடக்கக்கூடாது. சனம் வேலையைப் பார்க்க வருகிறதே தவிர, குவித்து வைத்த பொருளைப் பார்க்க இல்லை என்பார் ஸ்டெல்லாக்கா. அதனால் கைவினைக்காரர் சாப்பிடப் போனால் அந்த இடத்தில் ஒரு தொண்டர் உட்கார்ந்து எதையாவது பின்னிக்கொண்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம் ஓலைவிசிறி பின்னும் அம்மா எழுந்ததும் ஸ்டெல்லாக்கா தர்சினியைப் பிடித்து அங்கே உட்கார வைத்தார். "எதுனா பின்னிக்கினு இரு கண்ணு. கையி ஆடினா போதும்" என்று சொல்லிவிட்டுப் பந்தல்காரரோடு சண்டை பிடிக்கப் போய்விட்டார். நான் எதிரே மேசையில் எழுதிக்கொண்டிருந்தேன். சிறிது நேரம் கழித்து நிமிர்ந்தபோது அவள் மடியில் ஒரு கூர்முனை தெரிந்தது. முனையிலிருந்து பின்னல் அகன்று அகன்று மேலே வந்துகொண்டிருந்தது.

அது நீத்துப்பெட்டி. பிட்டு அவிக்க எங்கள் ஊரில் பானை வாயில் வைக்கிற பனையோலைக் கூம்பு. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சந்து முழுக்க, அது இல்லாத அடுப்படி இல்லை. இந்த ஊரில் அதை நான் ஒரு வீட்டிலும் கண்டதில்லை. வரும்போது ஒன்று கொண்டு வந்தோம். படகுக்குக் காத்துக் கிடந்த கரையில் விறகெல்லாம் நனைந்துபோக, பற்ற வைக்க வேறு வழியில்லாமல் அதைத்தான் எரித்தோம். தர்சினிதான் தீயில் பிடித்தாள். எதையாவது பின்னு என்றதும் அவள் கை அதற்கே போயிருக்கிறது. வாயைப் பூட்டி வைத்திருந்த பிள்ளை, நடு மைதானத்தில் உட்கார்ந்து ஊரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எழுந்து போய் மறைக்கலாம் என்று நான் நினைப்பதற்குள் காவல் பணிக்கு வந்திருந்த ஒரு கான்ஸ்டபிள் அவள் முன்னால் நின்றுவிட்டார்.

"இன்னா பாப்பா இது, கோன் ஐஸ் மாதிரி கீது? எந்த ஊரு சரக்கு?"

என் கையில் பேனா அப்படியே நின்றது. மூன்றாவது அறையும் போனால் நாலாவது இந்த ஊரில் இல்லை. எங்களை வைத்திருந்ததற்காக ஸ்டெல்லாக்காவை என்ன கேட்பார்கள்?

"நம்மூருதான் சார்."

யார் பேசியது என்று ஒரு கணம் தேடினேன். என் மகளின் குரல்தான்.

"பொரி போட்டுத் துன்றதுக்கு. புச்சா ஒண்ணு டிரை பண்ணிக்கினு கீறேன்."

"குடுப்பியா? எம்பொண்ணு கேப்பா."

"வாய் கட்டணும் சார். செத்த குந்துங்க, முடிச்சித் தரேன்."

அவர் உட்கார்ந்தார். அவள் விளிம்பை மடித்துக் கட்டிக் கொடுத்தாள். நசுங்காமல் இருக்கத் தொப்பியைக் கழற்றி அதற்குள் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அந்த மனிதர் போனார். நான் நடுங்கி நின்றது ஒரு தகப்பனைப் பார்த்து.

ஓடிப்போய், "பிள்ளை, நீ கதைச்சனீ!" என்றேன்.

"தண்ணி குடு மா, தொண்ட காயுது" என்றாள்.

செய்தி கேட்டு வந்த ஸ்டெல்லாக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "அடிப்பாவி! இத்தினி மாசமா பின்னறையில குந்திக்கினு எம்பேச்ச திருடிக்கினா இருந்த?" எல்லாரும் சிரித்தார்கள். தர்சினியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எத்தனை கோயிலில் வேண்டிக் கேட்டிருப்பேன். நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் எனக்கு ஏனோ கண் கலங்கியது.

மாலையில் அறைக்கு வந்ததும் கதவைச் சாத்தினேன். பிட்டுக்கு மாவைக் குழைத்தபடி சொன்னேன். "இப்ப ஒருத்தரும் இல்லை பிள்ளை. எங்கட மாதிரிக் கதைக்கலாம்."

அவள் மணிக்கட்டிலிருந்த வாழைநார் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவும் மௌனமாகிவிட்டாளோ என்று பயந்தேன்.

"வாணாம் மா" என்றாள். "ரெண்டு பேச்சு வச்சிக்கினு இருந்தா, என்னிக்கினா மாறி வந்துடும். பஸ்ல வந்துச்சே, அந்த மாதிரி."

தேங்காய் துருவினேன். ஜெர்மனியில் இருக்கிற அவர் என்றாவது தொலைபேசியில் கூப்பிட்டால் இந்தக் குரலைத் தன் மகளுடையது என்று கண்டுபிடிப்பாரா என்று நினைத்தேன். பேசாமல் இருந்த பிள்ளையைப் பேச வை என்றுதான் நான் கடவுளிடம் கேட்டது. எந்தப் பேச்சு என்று சொல்ல மறந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கான்ஸ்டபிளின் மனைவி சிறுமியோடு வந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் வேண்டுமாம். கூட்டம் கூடியது. ஸ்டெல்லாக்கா தர்சினிக்கென்று தனிப் பாயே போட்டுவிட்டார். "டீச்சர், அட்டை எழுது!" என்று அங்கிருந்தே கூவினார்.

கை பழக்கத்தில் ஓடியது. "நீத்துப்பெ" வரை எழுதிய பிறகுதான் நின்றேன். ஸ்டெல்லாக்கா மேசைக்கு வந்து எட்டிப் பார்த்தார். அட்டையை மெல்லத் திருப்பி, வெறுமையாக இருந்த மறுபாதியை என் முன்னால் வைத்தார். "பொரிக்கூடை. பனையோலை. ஸ்ரீபெரும்புதூர்" என்றார் தாழ்ந்த குரலில். "கொட்டையா எழுது."

எழுதினேன். இவ்வளவு வருடம் கரும்பலகையில் எழுதியதில்கூட அத்தனை அழகாக எழுதியதில்லை. மடித்துக் கொண்டுபோய் மகள் முன்னால் நிறுத்தினேன். வருகிறவர்கள் பக்கம் ஸ்ரீபெரும்புதூர். அவள் பக்கம், முடியாத அந்தச் சொல். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. ஏரிப் பக்கத்திலிருந்து அன்று காற்று நல்ல வேகம். அட்டை அடிக்கடி விழுந்தது. விழும்போதெல்லாம், "இன்னாக்கா வோணும், பெருசா சின்னதா?" என்று கூட்டத்தோடு பேசிக்கொண்டே, அவள் அதை எடுத்து, அந்தச் சொல் தன் பக்கம் இருக்கும்படி திரும்பவும் நிறுத்தினாள்.