வடக்கு மூலையில் ஒரு சூடு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அம்மா சிறுவாச்சூர் கோயிலுக்குக் கூட்டிப்போனால்கூடப் பொங்கலுக்காகத்தான் போவேன். அதனால் இதை நீங்கள் நம்பவில்லை என்றால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். அம்மா இறந்த பிறகு அப்பாவைத் தனியாக விட மனசில்லாமல் சென்னையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான அரும்பாவூருக்கே வந்துவிட்டேன். அம்மா போனதிலிருந்து அப்பா பேசுவதே குறைந்துபோயிருந்தது. சாவு வீட்டில்கூட அவர் அழவில்லை. மாடுகளை விற்றாயிற்று, கொல்லையில் மாட்டுக்கொட்டகை சும்மா கிடந்தது. அதை வேலை செய்கிற இடமாக மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது அப்பா ரொம்ப நேரம் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுவரை மட்டும் இடிக்காதே என்றார்.

இடிக்கவில்லை. உடைந்த ஓடுகளை மாற்றி, உள்ளே வெள்ளையடித்து, வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் வருகிற மாதிரி வடக்கே ஏற்கெனவே திறந்து கிடந்த இடத்தில் பெரிய ஜன்னல் வைத்து, சாணித்தரையைத் தோண்டி எடுத்துவிட்டுச் சிவப்பு சிமென்ட் தரை போட்டேன். மேசை, கம்ப்யூட்டர், புத்தக அலமாரி எல்லாம் வந்த பிறகு இதுவா மாட்டுக்கொட்டகை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மார்கழி மாதம், காலையில் வெறுங்காலோடு உள்ளே போனேன், தரை பனிக்கட்டியாக இருந்தது, வடக்கு மூலைக்குப் போனதும் காலுக்குக் கீழே வெதுவெதுப்பு. யாரோ படுத்திருந்துவிட்டு அப்போதுதான் எழுந்துபோன பாய் மாதிரி. அடியில் ஏதாவது ஒயர் போகிறதோ என்று பயந்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் ஒயரே போகவில்லை என்றார். கொத்தனாரிடம் கேட்டதற்கு, சிமென்ட் இறுகும்போது கொஞ்சம் சூடு இருக்கும், அதெல்லாம் போட்ட இரண்டு நாளோடு சரி என்றார். ஆனால் தரை போட்டு மாசக்கணக்காகிவிட்டது.

படம் வரைகிறவள் இல்லையா, புத்தி அப்படித்தான் போனது. ஒரு மத்தியானம் சாக்பீஸை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு, உள்ளங்கையால் தடவித் தடவி, சூடு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்திலேயே கோடு போட்டுக்கொண்டு வந்தேன். எழுந்து தள்ளி நின்று பார்த்தேன். ஒருக்களித்து, முழங்காலை மடக்கிக்கொண்டு ஒரு ஆள் படுத்திருக்கிற உருவம். அந்த மடிப்புக்குள், வயிற்றை ஒட்டி, தனியாக ஒரு சின்ன வட்டம். அது என்னவென்று எனக்கு அப்போது புரியவில்லை.

சாப்பிடக் கூப்பிட வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு பாப்பா உனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலப்பா. தரை சுடுது."

அவர் மெதுவாக வந்து உட்கார்ந்து கையை வைத்துப் பார்த்தார். அப்புறம்தான் சொன்னார். நான் பிறப்பதற்கு முந்தின வருஷமாம், நல்ல மழை, நிறைமாதமாக இருந்த அம்மா மாட்டை உள்ளே கட்டப் போன இடத்தில் வலி வந்துவிட்டதாம். அப்பா பெரம்பலூருக்குக் கொண்டுபோகக் கார் தேடி ஓடியிருக்கிறார். ரோடெல்லாம் தண்ணீர். கார் கிடைத்துத் திரும்பி வருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது.

"இப்புடித்தான் படுத்திருந்தா. வயித்தோரமா புள்ளயப் போட்டுக்கிட்டு. பொம்பளப் புள்ள. பொழுது சாயுறவரைக்கும் உசுரோட இருந்துச்சு."

எனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பதை அன்றைக்குத்தான் கேட்கிறேன். அம்மா இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அப்புறம் ஏம்ப்பா இந்த எடத்த எனக்குக் குடுத்தீங்க?"

"ஆளு பொழங்குனா அதுக்கு ஒரு தொணையா இருக்கும்னுதான்."

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அப்பா பாயை எடுத்துக்கொண்டு வந்து அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொள்வார். நான் வரைந்துகொண்டிருப்பேன், அவர் தரையில் கையை வைத்துக்கொண்டே தூங்கிப்போவார். அம்மா போன பிறகு அவர் நிம்மதியாகத் தூங்கி நான் பார்த்தது அங்கேதான்.

மாசியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஆறிப்போச்சு பாப்பா."

நான் போய்த் தொட்டேன். தலை இருந்த இடம், தோள், முழங்கால், எல்லாம் சில்லென்று இருந்தது. அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அம்மா செத்த அன்று அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"போயிட்டா உங்கம்மா. புள்ளயக் கூட்டிக்கிட்டே போயிட்டா. இனிமே அவளுக்குக் கவலயில்ல" என்றார்.

அவர் அதைச் சொல்லும்போது என் இன்னொரு கை தரையில், அந்தச் சின்ன வட்டத்தில் இருந்தது. அது மட்டும் ஆறவில்லை. நல்ல வெதுவெதுப்பு. ஆமாம்ப்பா என்று சொன்னேன், வேறு என்ன சொல்ல?

இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்கிறேன். அந்த மூலையில் எதையும் வைப்பதில்லை, அப்பாவும் அதற்கப்புறம் அந்தப் பக்கம் வந்து படுப்பதில்லை. போன வாரம் கூட்டும்போது அந்தச் சின்ன வட்டத்தில் கையை வைத்துப் பார்த்தேன். அப்போதெல்லாம் என் ஒரு கைக்குள் அடங்குகிற சூடு அது. இப்போது இரண்டு கையையும் விரித்து வைத்தும் அடங்கவில்லை.