கச்சேரியில் பேசக் கூடாது

பிள்ளைகளுக்குக் கச்சேரி கேட்கப் பழக்குகிறேன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. இரண்டு வருடம் நானும் அப்படிப் பீற்றிக்கொண்டு திரிந்தவன்தான். என் சின்ன மகளுக்குக் காது கேட்காது என்பது எனக்குத் தெரிய வந்ததும் ஒரு கச்சேரியில்தான்.

பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மனைவி கொழுந்தெடுக்கப் போகிறாள். எனக்குச் சம்பளம் வரத் தொடங்கிய பிறகும் அவளால் அந்த வேலையை விட முடியவில்லை. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால்தான் லயத்தில், தொழிலாளர்களுக்கான அந்த வரிசை வீட்டில், நாங்கள் இருக்கலாம். அதனால் என் இரண்டு பெண்களும் பிள்ளைக் காம்பராவில் வளர்ந்தார்கள். மலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஒன்று அழுதால் மற்றதெல்லாம் சேர்ந்து அழும். என் சின்னவள் மட்டும் அசையாமல் தூங்குவாள்.

“இந்தப் புள்ள மாதிரி நாலு இருந்தா எனக்கு ஒரு கவலையும் இல்லைங்க சார்,” என்பார் அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா. பிள்ளைக் காம்பராவில் நல்ல பிள்ளை என்றால் சத்தம் போடாத பிள்ளை என்று அர்த்தம். நானும் அதைக் கேட்டுப் பூரித்துப் போவேன்.

ஹட்டனில் ஒரு மண்டபத்தில் அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கர்நாடக சங்கீதக் கச்சேரி நடக்கும். நான் லயத்தில் பிறந்து, ரேடியோவில் சங்கீதம் கேட்டு வளர்ந்தவன். அந்த மண்டபத்தில் டவுன் கடை முதலாளிகளும் டாக்டர் குடும்பங்களும் வந்து உட்காருவார்கள். அவர்கள் நடுவில் என் பிள்ளைகளும் உட்கார வேண்டும், தோட்டத்துப் பிள்ளைகள் என்று ஒருவரும் திரும்பிப் பார்த்துவிடக் கூடாது. எனக்கிருந்த வெறி அது ஒன்றுதான். தலவாக்கலையில் பஸ் மாறும்போதே பாடத்தைத் தொடங்கிவிடுவேன். காலை ஆட்டக் கூடாது. ஒன்றுக்குப் போவதென்றால் இப்போதே போய்விட வேண்டும். கச்சேரியில் பேசக் கூடாது, தலை போகிற விஷயமாக இருந்தாலும் வெளியே வந்துதான் சொல்ல வேண்டும். பெரியவளுக்கு அப்போது ஐந்து வயது. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவாள்.

மற்றவர்களின் குழந்தைகள் சிணுங்கும், ஓடும், அவமானத்தோடு வெளியே தூக்கிப் போகப்படும். என் சின்னவள் வைத்த கண் வாங்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று வயதானபோது தாளம் போடத் தொடங்கினாள். தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு இரண்டு தடவை தட்டி வீச்சு. பாடகர் கை விழும்போது அவள் கையும் விழும். பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் யாரையும் விடாமல் பிடித்து நிறுத்தி இந்தக் கதையைச் சொன்னேன்.

“சின்னவ கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குறா. ஒரு வார்த்த ஒழுங்கா வரல்ல. எனக்கு பயமா இருக்கு,” என்று மனைவி இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

“தாளம் போடுற புள்ளைக்கு என்னடி பயம்? சிலது பிந்தித்தான் பேசும்,” என்றேன். வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவள் அடங்கிப் போனாள். என் உத்தியோகத்தை அவளுடைய வாயை அடைக்கத்தான் பயன்படுத்தினேன்.

ஒரு கச்சேரியில், ஆலாபனை நடந்துகொண்டிருந்தபோது, பெரியவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, தங்கச்சிக்கு...” என்று தொடங்கினாள். நான் அவள் தொடையில் கிள்ளினேன். நன்றாகவே கிள்ளினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், அழவில்லை. வெளியே வந்த பிறகு என்ன சொல்ல வந்தாய் என்று நான் கேட்கவும் இல்லை.

அடுத்த வருடம் மாசி மாதத்தில் ஒரு கச்சேரி. பனி உள்ளே வராமல் ஜன்னல்களை அடைத்து, திரைகளையும் இழுத்துவிட்டிருந்தார்கள். பாதிப் பாட்டில் கரண்ட் போனது. பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாத இருட்டு. மைக் இல்லாமலே பாடகர் விடாமல் பாடினார், மிருதங்கமும் நிற்கவில்லை. சபை ஒரு பெருமூச்சு விட்டு இன்னும் கூர்ந்து கேட்டது. அந்த இருட்டில் என் மகள் தாளம் போடுவதைத் தொட்டுப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. துழாவிக் கையைப் பிடித்தேன். அது மடியில் சும்மா கிடந்தது.

“போடு கண்ணு,” என்று காதருகே சொன்னேன். கை அசையவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். முன்னால் யாரோ “உஷ்” என்றார்கள்.

பெரியவள் என் பக்கம் சாய்ந்தாள். இருட்டில் கிள்ள மாட்டேன் என்ற தைரியமாக இருக்கலாம்.

“இருட்டுல தங்கச்சிக்கு கேக்காதுப்பா,” என்று குசுகுசுத்தாள். “லைட் வரட்டும்.”

கரண்ட் வந்தது. சின்னவள் மேடையைப் பார்த்தாள், பாடகரின் கையைக் கண்ணால் தேடிப் பிடித்தாள், அவள் கை எழுந்து சரியாக விழுந்தது. பக்கத்து நாற்காலி அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, “என்ன ஞானம்!” என்றார். நான் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். படியில் நின்று, சின்னவளின் முதுகுக்குப் பின்னால் பலமாகக் கை தட்டினேன். அவள் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்டியில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். பிறவியிலேயே கேட்காது என்றார். இரண்டு காதிலும் மெஷின் மாட்டலாம், ஆனால் பேச்சு வருகிற வயதை வீணாக்கிவிட்டீர்கள், இனி எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது என்றார். அவர் பேசியது சிங்களம். ஒரு சொல் தப்பாமல் எனக்குப் புரிந்தது. மனைவிக்காக நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. “வீணாக்கிவிட்டீர்கள்” என்பதை விட்டுவிட்டுச் சொன்னேன்.

பிள்ளையிடம் இதை முதலில் கவனித்தது யார் என்று டாக்டர் கேட்டார். அதையும் மனைவிக்குச் சொன்னேன். அவள் தரையைப் பார்த்தாள். சின்னவள் மேசைமேல் இருந்த டாக்டரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை அசைந்தால் தாளம் போடலாம் என்று அவள் விரல்கள் தொடையில் தயாராக இருந்தன.

பெரியவள் என் சட்டையை இழுத்தாள்.

“அப்பா, இங்க பேசலாமா?”