மதராசி காட்

கமுதிப் பக்கம், வானம் பார்த்த பூமியில் பிறந்தவள் நான். அந்தமானில், காடு வெட்டிக் குடியேறிய ஊருக்கு நிறைமாதமாக வந்து இறங்கியபோது, ஊர் ஓரத்தில் தண்ணீர் ததும்பி நின்றது. ஆறு என்று கும்பிட்டேன்.

மறுநாள் பிரசவ வலியோடு படகேறப் போனால் வெறும் சேறு.

"ஐயோ, ஆறு வத்திப்போச்சே!" என்று கதறினேன்.

"நதி நஹி, தீதி. சமுந்தர்!" என்றாள் பக்கத்து வீட்டு வங்காளத்துக்காரி. ஆறில்லை அக்கா, கடல் என்கிறாள். கடல் ஏறி இறங்கும் உப்பங்கழியாம் அது. மறுபடி ஏறும்வரை என் வலி பொறுக்காது. அவள் வீட்டு ஆண்கள் என்னைக் கட்டிலோடு தூக்கி, இடுப்பளவு சேற்றில் நடந்து அக்கரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகள் பிறந்தாள்.

பெயரில்லாத அந்தப் படகுத்துறைக்கு அன்றிலிருந்து 'மதராசி காட்', அதாவது தமிழச்சி துறை, என்றே பெயர். சேற்றில் நடந்தவர்கள் அவர்கள். பெயர் என்னவோ எனக்கு.