விநாயகமூர்த்தி அண்ணனின் இரண்டாவது டேங்கு

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டு விநாயகமூர்த்தி அண்ணனைப் போல ஒரு முன்ஜாக்கிரதைக்காரரை நான் பார்த்ததில்லை. வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் கையில் குடை இருக்கும். அந்தக் குடை உடைந்துபோனால் என்ன செய்வது என்று வண்டியில் இன்னொரு குடை இருக்கும். நில அளவை இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். பகாங் மாநிலத்துக் காடுமேடெல்லாம் தனக்கு அத்துப்படி என்று அவரே சொல்வார். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கல்யாணமான புதிதில் அந்த அத்துப்படியான பகாங்கில்தான் அவர் மானம் கப்பலேறியது. அவர் மனைவி இராசேஸ்வரி அக்கா தாய் தகப்பன் இல்லாத தன் தங்கையை வளர்த்து ஆளாக்கியவர். அந்தத் தங்கைக்குக் கோலாலிப்பிஸில் கல்யாணம். வழியில் ரவூப்பில் பெட்ரோல் போடச் சொல்லி அக்கா கெஞ்சினாராம். "எனக்கு இந்த ரோட்டு தெரியாதோ? லிப்பிஸ் போய்ச் சேரும் மட்டும் எண்ணெய் காணும்" என்றாராம் இவர். மோரிஸ் மைனர் பாதி வழியில் ஆள் அரவமில்லாத இடத்தில் விக்கி நின்றுவிட்டது. பலகை ஏற்றிப்போன லோரியில் பட்டுச் சேலையோடு தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாய் ஸ்தானத்தில் நிற்க வேண்டியவர் தாலி கட்டியதைக்கூடப் பார்க்கவில்லை.

"இனி உங்கட காரில ஏறமாட்டன்" என்று அன்று சொன்னார் அக்கா. சொன்னது சொன்னதுதான். கோயிலுக்கு நடை, பாசாருக்கு நடை, தூரம் என்றால் பஸ். பிரசவ வலியோடு டாக்சி பிடித்தாராம். இப்படியும் ஒரு பிடிவாதமா என்று எனக்கே ரத்தம் கொதிக்கும். பிறகு அந்தத் தாலியை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வேன்.

எண்பத்தாறில் அவர்கள் மகள் குணபூசணி குவாந்தானில் மாசமாக இருந்தாள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும்போதாவது பெண்டாட்டியைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப்போக வேண்டும், அண்ணனுக்கு வேறு நினைப்பே இல்லை. பழைய டீசல் லேண்ட் குரூசர் ஒன்றை வாங்கினார். காடு மலையெல்லாம் ஏறுகிற ஜீப்.

"இதுக்கு டேங்க் பெரிசு, சந்திரகலா. ஆனா எனக்கு அது காணாது" என்றார் என்னிடம்.

போர்ட் கிள்ளான் லோரிகளுக்கு டேங்கு அடித்துக்கொடுக்கும் பக்கிரிசாமியிடம் வண்டியைக் கொண்டுபோனார். கூடப்போன என் வீட்டுக்காரர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"அங்கிள், குவாந்தானுக்குத்தானே போறீங்க? இருக்கிற டேங்குலயே போய்ட்டு வரலாம் லா" என்றானாம் பக்கிரிசாமி.

"வழியில ஸ்டேசன் பூட்டியிருந்தால்?"

"அடுத்த ஸ்டேசன்ல போடுங்க."

"அதுவும் பூட்டியிருந்தால்?"

பக்கிரிசாமி என்ன செய்வான், பாவம். தகரத்தை வெட்ட ஆரம்பித்துவிட்டான். வண்டிக்கு அடியில் கட்டுகிற அளவு அண்ணனுக்குப் போதவில்லை. பின்சீட்டைக் கழற்றிப்போட்டு, அந்த இடத்தில் அலமாரி மாதிரி ஒரு டேங்கை ஏற்றிவிட்டார்கள். ஆக, அத்தனை பெரிய வண்டியில் இனி ஓட்டுகிறவரும் பக்கத்தில் ஒருவரும்தான் உட்காரலாம். அண்ணனுக்கு அது போதும்.

அடுத்த வெள்ளிக்கிழமை கந்தசாமி கோயிலில் பூசை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியது போதாதென்று டேங்குக்குத் தனியாக ஒரு பழம் கேட்டார். ஐயர் தலையைச் சொறிந்தார். கடைசியில் அதற்கும் திருநீறு பூசிச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார். அண்ணன் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, "இராசி, வந்து பாரும். இனி இது எங்கயும் நிக்காது" என்றார்.

அக்கா கிட்டே போய் மூக்கைப் பொத்திக்கொண்டார். "எண்ணெய் மணக்குது. நான் புதுராயாவில பஸ் எடுக்கிறன்."

அன்று அண்ணன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எனக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை.

பேரன் பிறந்தான். முறுக்கு டின்னும் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாமான்களுமாக அக்கா கிளம்ப, மூட்டை தூக்க நானும் துணைக்குப் போனேன். பஸ் பென்தோங் தாண்டும்போது திரும்பிப் பார்க்கிறேன், பின்னாலேயே லேண்ட் குரூசர்! பெண்டாட்டி முன்னால் பஸ்ஸில், புருஷன் பின்னால் ஜீப்பில். கவர்னருக்குக்கூட இப்படி ஒரு காவல் வந்திருக்காது. தெமெர்லோவில் பஸ் நின்றபோது அண்ணன் ஓடிவந்து எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குழந்தைக்கு யார் சாயல் இருக்கும் என்று இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டே குடித்தார்கள். அக்கா கிளாஸை வைத்துவிட்டு மறுபடி பஸ்ஸில் ஏறிக்கொண்டார். சண்டை என்றால்கூடப் புரியும். இதை என்னவென்று சொல்வது?

மாரான் போகும் வழியில், இரு பக்கமும் காடாக இருந்த இடத்தில் பஸ் இருமியது. பிறகு நின்றது. டிரைவர் இறங்கிப் பார்த்து, "மின்யாக் ஹாபிஸ்" என்றார். டீசல் தீர்ந்துவிட்டது! மீட்டர் கெட்டுப்போயிருந்ததாம். பஸ்ஸே சேர்ந்து அவரைத் திட்டியது.

பின்னால் வந்து நின்ற அண்ணன் விஷயத்தைக் கேட்டார். அவர் முகத்தில் தீபாவளிதான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு ரப்பர் குழாயை எடுத்தார், வாளியை எடுத்தார். டேங்கிலிருந்து உறிஞ்சி உறிஞ்சி பஸ்ஸுக்கு ஊற்றினார். சீனக் கிழவர் ஒருவர் புனலைப் பிடித்தார். இவ்வளவு பெரிய டேங்கு எதற்கு என்று யாரோ கேட்க, "இப்படியொரு நாளுக்குத்தான்" என்று அக்காவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். டிரைவர் கைப்பம்பை அமுக்கி, குழாயில் இருந்த காற்றை வெளியேற்றிச் சாவியைத் திருப்பினார். பஸ் உறுமியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு ஜீப்பின் முன்கதவைத் திறந்தார். சீட்டைக் கைக்குட்டையால் தட்டினார்.

"வாரும், இராசி."

முருகா, இந்தத் தடவையாவது ஏறட்டும் என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன். அக்கா ஜீப்பைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார்.

"இப்ப பஸ்ஸில ஓடுறதும் உங்கட எண்ணெய்தானே? இனி நிக்காது. நான் இதிலயே வாறன்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டார்.

அண்ணன் கதவைப் பிடித்தபடியே நின்றார். எனக்கு வந்ததே கோபம்! பஸ் கிளம்பியதும் பிடித்துக்கொண்டேன். "அக்கா, உங்க நெஞ்சுல ஈரமே கிடையாதா? அந்த மனுஷன் இவ்வளவும் யாருக்காகச் செஞ்சாரு?"

அக்கா எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனார். பின்கண்ணாடியில் படிந்திருந்த புழுதியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"இப்ப என்னத்தப் பாக்குறீங்க?"

"என்ர மனுசன் நான் இருக்கிற பஸ் எண்டு எல்லாத்தையும் ஊத்திப்போட்டார். தனக்கு மிச்சம் வச்சாரோ எண்டு ஆர் கண்டது? பின்னால வாறாரோ எண்டு பாக்கிறன்."

குவாந்தான் வரும்வரை அக்கா முன்பக்கம் திரும்பவே இல்லை.