எல்லைக்கல் வரைக்கும்

தமுக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கும்போதுதான் அவர் நிமிர்ந்திருப்பார். மற்ற நேரமெல்லாம் எங்கள் பஞ்சாயத்து ஆபீஸ் வேப்பமரத்தடியில் ஒற்றைநாடி உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திண்டுக்கல் மலைக்கோட்டை சின்னதாகத் தெரியும் அந்த ஊரில் நான் கிளார்க், அவர் தண்டோராக்காரர். ஓடைக்கரை எல்லைக்கல் வந்ததும் அதைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். அதற்கு அப்பால் வேறு பஞ்சாயத்து. மூன்று தெரு, ஒரு கிணறு, சுற்றிலும் சோளக்காடு, அதற்கும் தனியாக ஒரு தலைவர்.

பஞ்சாயத்து யூனியன்கள் வந்த சமயம் அந்தச் சின்னப் பஞ்சாயத்தைக் கலைத்து எங்களோடு சேர்த்தார்கள். வரைபடத்தில் பழைய எல்லையை அடித்துவிட்டுச் சிவப்பு மையில் புதிதாக இழுத்தவன் நான்தான்.

அடுத்த கோடையில் காலரா வந்தது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி சொல்ல அவரை அனுப்பினேன். நான்காம் நாள் ஓடைக்கு அந்தப் பக்கம் இரண்டு சாவு விழுந்தது. அங்கே யாருக்கும் சேதியே தெரியவில்லை.

"அங்க ஏன்யா போகல?" என்று கத்தினேன்.

"அது நம்ம ஊரு இல்லையேங்கய்யா."

"சேத்து ஆறு மாசமாச்சு. நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சுல்ல?"

அவருக்கு எழுத்துத் தெரியாது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் தமுக்கைத் தரையில் வைத்தார்.

"ஊருக்கு எதச் சொல்றதுன்னாலும் என்னையத்தான விடுவீக. இத மட்டும் சொல்லச் சொல்லலையேங்கய்யா."

மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். தவறு தண்டோராக்காரருடையது என்று எழுதினேன். அவர் அதன் கீழே கைநாட்டு வைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.